மெக்கின்டோஷ் ஆம்ப்: டிரான்ஸ்பார்மரைக் கைவிடாத கம்பெனி (வாசகர் கேள்வி பதில்)

போன இதழ்ல அமெரிக்க ஆம்ப் (ஆம்ப்ளிபையர்) கம்பெனிங்க பத்தி எழுதினப்போ மெக்கின்டோஷுக்கு நாலு வரிதான் இடம் கிடைச்சது. அது பத்தாதுன்னு நிறைய பேரு எழுதியிருந்தீங்க. அதனால இந்த மாசம் முழுக்க அந்த ஒரே கம்பெனிதான். ஒரே மாதிரி வந்த கேள்விங்களை ஒண்ணா சேத்துட்டேன்.

கேள்வி: இந்தக் கம்பெனி எப்படி ஆரம்பிச்சது? பிராங்க் மெக்கின்டோஷ் ரேடியோ ஸ்டேஷன் கன்சல்டன்ட்னு படிச்சேன், அவரு ஏன் ஆம்ப் பண்ண வந்தாரு?

பதில்: சரியாத்தான் படிச்சிருக்கீங்க. அவரு வாஷிங்டன்ல இருந்த ஒரு ரேடியோ இன்ஜினியர், ஸ்டேஷன்காரங்களுக்கு ஆலோசனை சொல்றதுதான் தொழில். அவரோட வேலைக்கு பெரிய பவர் குடுக்கற, அதே சமயம் சுத்தமா குடுக்கற ஆம்ப் வேணும். அந்தக் காலத்துல ரெண்டும் சேந்து கிடைக்காது. 1947ல இங்கிலாந்துல வில்லியம்சன்ங்கற இன்ஜினியர் ஒரு ஆம்ப் சர்க்யூட்டை வெளியிட்டாரு, அதோட சவுண்டுக்கு உலகமே மயங்குச்சு, ஆனா அது குடுத்தது 15 வாட்தான். அதுக்கு மேல போனா டிஸ்டார்ஷன் (சத்தம் சிதையறது), இல்லன்னா வால்வு, அதாவது டிரான்சிஸ்டர் வர்றதுக்கு முன்னாடி அந்த வேலையைச் செஞ்ச கண்ணாடிக் குழாய், அடுப்பு மாதிரி கொதிக்கும். மெக்கின்டோஷும் அவருகிட்ட வேலைக்குச் சேந்த கோர்டன் கௌ-ங்கற இளைஞரும் உக்காந்து இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க, 1949 ஜூலைல அதுக்கு பேட்டன்ட் கிடைச்சது, அதே வருஷம் மேரிலேண்ட் மாநிலத்துல சில்வர் ஸ்பிரிங்ல கம்பெனி ஆரம்பிச்சாச்சு. முதல் ஆம்ப் பேரு 50டபிள்யூ-1. பேருலயே இருக்கு, 50 வாட். சாதாரண 6எல்6 வால்வு ரெண்டை வச்சுக்கிட்டு 20 ஹெர்ட்ஸ்லேர்ந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஒரு சதவீதத்துக்கும் கம்மியான டிஸ்டார்ஷன்ல 50 வாட். அந்த வருஷம் டிசம்பர்ல ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆடியோ இன்ஜினியரிங் பத்திரிகைல சர்க்யூட்டை அக்குவேறா ஆணிவேறா பிரிச்சு எழுதிட்டாங்க. எனக்கு இவங்க மேல மரியாதை வந்ததே அந்தக் கட்டுரையாலதான், ரகசியம்னு எதையும் பொத்தி வைக்கல.

1951ல நியூயார்க் மாநிலத்துல பிங்ஹாம்டன்ங்கற ஊருக்கு மாறினாங்க. அது சும்மா ஒரு ஊர் இல்ல, விமானம் ஓட்டக் கத்துக்குடுக்கற லிங்க் டிரெய்னர் மெஷின் பொறந்த இடம், பக்கத்து ஊரு எண்டிகாட்ல ஐபிஎம் பேக்டரி. நுணுக்கமா கைவேலை தெரிஞ்ச ஆளுங்க அந்தப் பக்கம் நிறைய. 1956லேர்ந்து சேம்பர்ஸ் ஸ்ட்ரீட் பேக்டரிதான், இன்னிக்கும் அங்கதான்.

கேள்வி: எல்லாரும் "யூனிட்டி கப்புள்டு"ன்னு சொல்றாங்க. கணக்கு இல்லாம புரியற மாதிரி சொல்ல முடியுமா?

பதில்: முடியும், கொஞ்சம் நீளமா சொல்றேன், இந்தக் கம்பெனியோட உயிரே இதுலதான் இருக்கு.

பெரிய மரத்தை ரெண்டு ஆள் ரம்பம் போட்டு அறுக்கறதைப் பாத்திருப்பீங்க. ஒருத்தர் இழுக்கும்போது இன்னொருத்தர் விட்டுக் குடுக்கணும், அப்புறம் அவரு இழுக்கணும். புஷ்-புல் ஆம்ப்ல ரெண்டு வால்வு செய்யற வேலை அதுதான், சிக்னலோட மேல் பாதியை ஒண்ணு பாத்துக்கும், கீழ் பாதியை இன்னொண்ணு. பவர் நிறைய வேணும்னா ஒண்ணு வேலை செய்யறப்போ இன்னொண்ணு முழுசா ஓய்வுக்குப் போகணும். சிக்கல் எங்க வருதுன்னா கை மாத்தற அந்த நொடில. ரெண்டு வால்வோட காயிலும் ஸ்பீக்கருக்குப் பவரைக் கொண்டு போற ஒரே அவுட்புட் டிரான்ஸ்பார்மர்லதான் இருக்கு, ஆனா ஒண்ணு மேல ஒண்ணா தனித்தனி அடுக்கா சுத்தியிருந்தா ஒரு காயிலோட காந்தப்புலம் முழுசா அடுத்ததுக்குப் போய்ச் சேராது, கொஞ்சம் வெளில கசியும். ஒரு வால்வு சட்டுன்னு நிக்கும்போது அந்தக் கசிவுல தேங்கின சக்திக்குப் போக வழி இல்லாம அலையோட நடுவுல ஒரு வெட்டு விழும். சத்தம் ஏற ஏற, டிரெபிள் பக்கம் போகப் போக அது மோசமாகும். வயலின் கேக்கறப்போ காதுல மணல் உரசற மாதிரி இருக்கும்.

மெக்கின்டோஷ் பண்ணது என்னன்னா, ரெண்டு கம்பியை ஜோடியா பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரே நேரத்துல சுத்தினாரு. பைபைலர் வைண்டிங்னு பேரு. ஒரு கம்பி போற இடத்துக்கெல்லாம் அடுத்ததும் ஒட்டிக்கிட்டே போகுது, நடுவுல இடைவெளியே இல்ல, கசிவும் கிட்டத்தட்ட இல்ல. யூனிட்டி கப்புள்டுன்னு சொல்றது இதைத்தான். அதோட, வால்வு ஓட்ட வேண்டிய லோடை அதோட ரெண்டு முனைக்கும், பாதி பிளேட் பக்கமும் பாதி கேதோடு பக்கமும், பிரிச்சு வச்சாரு. இதுல என்ன லாபம்னா டிரான்ஸ்பார்மரோட பிரைமரி இம்பீடன்ஸ் (வால்வு பக்கம் தெரியற தடை) வழக்கமான டிசைன்ல இருக்கறதுல நாலுல ஒரு பங்கா இறங்கிடும், அதனால உயர்ந்த ப்ரீக்வென்சி வரைக்கும் சுலபமா போகும், கேதோடு பக்கம் இருக்கற பாதி தானாவே பீட்பேக் மாதிரி, அதாவது வெளில வர்ற சிக்னலைத் திரும்ப உள்ள குடுத்து ஒப்பிடற மாதிரி, தப்பைத் திருத்திக்கிட்டும் இருக்கும்.

கேக்க சுலபமா இருக்கு, செய்யறது படு கஷ்டம். ஒட்டி ஓடற அந்த ரெண்டுல பிளேட் கம்பில 400 வோல்ட்டுக்கு மேல டிசி (ஒரே திசைல ஓடற கரன்ட்) நிக்குது, கேதோடு கம்பி எர்த் பக்கம். நடுவுல இருக்கறது ஒரு மெல்லிய பூச்சு மட்டும்தான். ஒரு இடத்துல அது உரிஞ்சாலும் டிரான்ஸ்பார்மர் போச்சு. அப்புறம் கேதோடும் சேந்து ஆடறதால முன்னாடி இருக்கற டிரைவர் ஸ்டேஜ் (அவுட்புட் வால்வுக்கு சிக்னல் குடுக்கற பகுதி) பெரிய வோல்டேஜ் குடுத்தாகணும், சர்க்யூட் வளரும், செலவும் கூடும். மத்த கம்பெனிங்க பெருசா இந்தப் பக்கம் வராததுக்கு பேட்டன்ட் ஒரு காரணம், இந்தக் கஷ்டம் இன்னொரு காரணம்னு நான் நினைக்கறேன். 1951ல ஹாப்லர், கெரோஸ்னு ரெண்டு இன்ஜினியர்ங்க கொண்டு வந்த அல்ட்ரா லீனியர்ங்கற இன்னொரு அவுட்புட் முறை செய்யறதுக்கு ரொம்ப சுலபம், நிறைய பேரு அதுக்குப் போயிட்டாங்க. மெக்கின்டோஷ் மட்டும் டிரான்ஸ்பார்மரைத் தன்னோட பேக்டரிலயே சுத்திக்கிட்டு இதுலயே நின்னுச்சு. 1954ல எம்சி30, 1955ல எம்சி60, 1960ல எம்சி240, 1961ல எம்சி275ன்னு வரிசையா எல்லாமே இதே அடிப்படைதான்.

கேள்வி: எம்சி275க்கு மட்டும் ஏன் இவ்ளோ மவுசு?

பதில்: ஸ்டீரியோ ரெக்கார்டு வந்து வீட்டுக்கு வீடு பரவிக்கிட்டிருந்த நேரத்துல ஒரே சேஸில (உலோக அடிப்பெட்டில) சேனலுக்கு ஒண்ணா ரெண்டு 75 வாட் வந்து இறங்குச்சு, நாலு கேடி88 வால்வு, பளபளன்னு குரோம் சேஸி. 1961லேர்ந்து 1973 வரைக்கும் போட்டாங்க. நிறுத்தினதுக்கப்புறமும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க ஜனங்க. 1993ல கோர்டன் கௌ நினைவா திரும்பக் கொண்டு வந்தாங்க, அதுக்கப்புறம் பல பதிப்பு வந்துடுச்சு. 60 வருஷம் முன்னாடி போட்ட டிசைனை ஒரு கம்பெனி இன்னிக்கும் புதுசா விக்குதுன்னா அந்த முதல் டிசைன் எவ்ளோ சரியா இருந்திருக்கணும் பாருங்க. அப்போ இன்ஜினியரிங் பக்கம் பெரிய தூணா இருந்தவரு சிட்னி கார்டர்மேன், அவரு பேரை வெளில யாரும் அதிகமா சொல்றதில்ல, சொல்லணும்.

கேள்வி: வுட்ஸ்டாக்ங்கற பெரிய ராக் இசை விழா கச்சேரில இவங்க ஆம்ப்தான் ஓடுச்சுங்கறது நிஜமா, இல்ல விளம்பரக் கதையா?

பதில்: நிஜம். 1969 ஆகஸ்ட்ல நியூயார்க் மாநிலம் பெத்தெல்ல நடந்தது அது, நாலு லட்சம் பேருக்குப் பக்கம் வந்தாங்க. சவுண்டு பாத்தவரு பில் ஹான்லி. பவருக்கு அவரு எடுத்தது எம்சி3500. மோனோ ஆம்ப், 350 வாட், அவுட்புட்ல எட்டு 6எல்கியூ6 வால்வு. இந்த வால்வு ஆடியோவுக்குன்னு வந்ததே இல்லங்க, டிவி பெட்டில படத்தோட கோடுகளை வரையறதுக்கு இருக்கற வால்வு, சின்ன நேரத்துக்குள்ள பெரிய கரன்ட் தாங்கும், அதைப் பிடிச்சு ஆம்ப்ல போட்டாங்க. வெட்டவெளி, மழை, சேறு, மூணு நாளுன்னு நினைச்சது நாலாவது நாள் காலை வரைக்கும் நீண்டுச்சு. வீட்டு ஹால்ல வச்சு பாட்டு கேக்கற கம்பெனியோட ஆம்ப் அதைத் தாங்குச்சுன்னா அது வைண்டிங்கோட தரம்தான்.

அதை விடப் பெருசு 1974. கிரேட்புல் டெட்ங்கற அமெரிக்க ராக் பேண்டுக்கு சவுண்டு இன்ஜினியர் ஓஸ்லி ஸ்டான்லியும் அவரோட கூட்டாளிங்களும் "வால் ஆஃப் சவுண்ட்"னு மேடைக்குப் பின்னாடி ஒரு ஸ்பீக்கர் சுவரே எழுப்பினாங்க. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி ஸ்பீக்கர் வரிசை, தனி ஆம்ப், ஒண்ணோட ஒண்ணு கலக்கக்கூடாதுன்னு. சுவர் பாடறவங்களுக்குப் பின்னாடி இருக்கறதால மைக்ல பீட்பேக் ஊளை வராம இருக்க ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு மைக்கை, ஒண்ணோட சிக்னல் இன்னொண்ணுக்குத் தலைகீழா வர்ற மாதிரி, கட்டிக் குடுத்தாங்க, ஒண்ணுல மட்டும் பாடினா சுவர்லேர்ந்து வர்ற சத்தம் ரெண்டுலயும் சமமா விழுந்து கழிஞ்சு போயிடும். அருமையான யோசனை. அந்தச் சுவருக்குப் பின்னாடி வேலை பாத்தது எம்சி2300 ஆம்ப்ங்க, டிரான்சிஸ்டர், சேனலுக்கு 300 வாட், டஜன் கணக்குல. அந்த பேண்டோட கிட்டார்காரர் ஜெர்ரி கார்சியா பயன்படுத்தின ஒரு எம்சி2300 2021ல சோத்பீஸ் ஏலத்துல 3,78,000 டாலருக்குப் போச்சு.

கேள்வி: டிரான்சிஸ்டர் ஆம்புக்கு அவுட்புட் டிரான்ஸ்பார்மரே தேவையில்லையே. அப்புறம் எதுக்கு இவங்க அதுலயும் ஒண்ணை மாட்டினாங்க? வெயிட்டும் விலையும் ஏத்தவா?

பதில்: தேவையில்லங்கறது சரி. டிரான்சிஸ்டர் நேரா ஸ்பீக்கரை ஓட்டிடும், வால்வு மாதிரி அதுக்கு டிரான்ஸ்பார்மர் அவசியம் இல்ல. உலகமே டிரான்ஸ்பார்மர் இரும்பைத் தூக்கிப் போட்டுட்டு சந்தோஷமா கிளம்பின நேரம் அது. இவங்க மாட்டினதுக்கு ஆட்டோபார்மர்னு பேரு, ஒரே வைண்டிங்ல நடுநடுவே டேப் (வெளில எடுத்த இணைப்பு) எடுத்த டிரான்ஸ்பார்மர். ரெண்டு லாபம். டிரான்சிஸ்டர் ஆம்ப்ல ஸ்பீக்கரோட தடை 8 ஓம்ஸ்னா ஒரு பவர், 4 ஓம்ஸ்னா வேற பவர், 2 ஓம்ஸ்னா டிரான்சிஸ்டர் சூடாகி உசுருக்குப் போராடும். ஆட்டோபார்மர் இருந்தா ஸ்பீக்கருக்குப் பொருத்தமான எந்த டேப்ல எடுத்தாலும் டிரான்சிஸ்டருக்கு ஒரே லோடுதான் தெரியும், அதனால மூணுலயும் முழு பவரும் வரும். ரெண்டாவதுதான் எனக்கு முக்கியமா படுது, அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆயிடுச்சுன்னா முழு டிசியும் ஸ்பீக்கர் காயில்ல பாஞ்சு ஒரு நொடில கருக்கிடும், ஆனா ஆட்டோபார்மரோட வைண்டிங் டிசிக்கு ஏறக்குறைய நேர் கம்பி மாதிரி, அத்தனையையும் அது எர்த்துக்கு இறக்கிட்டு பியூஸை அடிச்சுட்டுப் போயிடும். ஸ்பீக்கருக்கு ஒண்ணும் ஆகாது.

பேஸ், அதாவது கனமான கீழ் ஸ்வரம், கொஞ்சம் மெத்துன்னு ஆகுதுன்னு ஒரு குறை சொல்வாங்க, சில ஸ்பீக்கரோட எனக்கும் அப்படித் தோணியிருக்கு, மறைக்க விரும்பல. அதுக்காகவே இவங்களே ஆட்டோபார்மர் இல்லாத மாடலும் போடறாங்க.

கேள்வி: மெக்கின்டோஷ் ஆம்ப் முகப்புல இருக்கற அந்த நீல மீட்டர் சும்மா அழகுக்கா?

பதில்: இல்ல, எவ்ளோ வாட் போகுதுன்னு காட்டும். 1967ல வந்த எம்சி2505லேர்ந்துதான் பவர் ஆம்ப்ல அந்த நீலம். சாதாரணமா வீட்ல கேக்கறப்போ முள் ஒரு வாட்டைச் சுத்தித்தான் ஆடும், ஒரு டிரம் அடி விழும்போது 50க்குப் பாயும். பெரிய பவர் எதுக்குத் தேவைன்னு புத்தகம் படிச்சுத் தெரிஞ்சுக்கறதை விட அந்த முள்ளைப் பத்து நிமிஷம் பாத்தா புரிஞ்சுடும்.

கேள்வி: ஆப்பிள் கம்ப்யூட்டர் பேரும் இவங்க பேரும் ஒண்ணா இருக்கே, யார் யாரைப் பாத்து வச்சது?

பதில்: ஆப்பிள்காரங்க வச்சது ஒரு ஆப்பிள் பழ ரகத்தோட பேரை, அங்க வேலை பாத்த ஜெஃப் ராஸ்கின் வச்சாரு, ஸ்பெல்லிங்ல ஒரு எழுத்து கூட்டி. ஆனா உச்சரிப்பு ஒண்ணுதானே, அதனால 1982 நவம்பர்ல ஸ்டீவ் ஜாப்ஸே கோர்டன் கௌவுக்குக் கடிதம் எழுதி அனுமதி கேட்டாரு, முதல்ல இவங்க ஒத்துக்கல, அப்புறம் 1983ல லைசென்ஸ் குடுத்தாங்க.

கேள்வி: இந்தக் கம்பெனி பல கை மாறிடுச்சே. இன்னும் அதே மெக்கின்டோஷ்தானா? இப்போ போஸ்ங்கற ஆடியோ கம்பெனி வாங்கிட்டாங்கன்னு கேள்விப்பட்டதும் மனசு கேக்கல.

பதில்: எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு. வரிசையா சொல்றேன். 1977ல பிராங்க் மெக்கின்டோஷ் ஓய்வு, கௌ தலைவர் ஆனாரு. 1989ல கௌ இறந்தாரு, அடுத்த வருஷமே ஜப்பான் கிளாரியன் வாங்கினாங்க. அவங்க கார் ஸ்டீரியோ கம்பெனி, அதனாலதான் மெக்கின்டோஷ் பேரு கார்லயும் வந்துச்சு. 2003ல டெனனும் மராண்ட்ஸும் சேந்த டி அண்ட் எம் ஹோல்டிங்ஸ். பழைய ஆளுங்களுக்கு இது பெரிய விஷயம், 1950கள்லயும் 60கள்லயும் அமெரிக்கால மெக்கின்டோஷுக்கு நேர் எதிர் நின்னது சால் மராண்ட்ஸோட கம்பெனிதான், கடைசில ரெண்டும் ஒரே கூரைக்குள்ள வந்துச்சு. 2012ல இத்தாலி பைன் சவுண்ட்ஸ், 2022ல ஹைலேண்டர் பார்ட்னர்ஸ்ங்கற முதலீட்டு கம்பெனி, 2024 நவம்பர்ல போஸ்.

முதலாளி பேரை வச்சு நான் பாக்கறதில்ல. டிரான்ஸ்பார்மர் எங்க சுத்தறாங்க, பழைய செட்டு கொண்டு போனா பாக்கறாங்களா, இந்த ரெண்டுதான் என் கணக்கு. இந்த அஞ்சு கை மாத்தத்துலயும் பேக்டரி பிங்ஹாம்டனை விட்டு நகரல. போஸ் கையிலயும் அப்படியே இருந்தா எனக்குக் கவலையில்ல, நகத்தினா அன்னிக்கு வேற கம்பெனி.

சர்வீஸ்னு சொன்னதும் ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். 1962லேர்ந்து 1991 வரைக்கும் டேவ் ஓ'பிரையன்னு ஒருத்தரு அளக்கற கருவிங்களைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா டீலர் கடைக்குப் போய் "ஆம்ப்ளிபையர் கிளினிக்" நடத்தினாரு. யாரு வேணாலும் எந்த கம்பெனி ஆம்ப் வேணாலும் கொண்டு வரலாம், காசு கிடையாது. எதிர்லயே வச்சு டிஸ்டார்ஷன் அளந்து கிராப் போட்டு கையில குடுப்பாங்க, மெக்கின்டோஷ் ஆம்பா இருந்து சொன்ன அளவுக்கு வரலன்னா அங்கயே இலவசமா சரி பண்ணிக் குடுப்பாங்க. யோசிச்சுப் பாருங்க, வித்த பொருளை வருஷங்கழிச்சு ஜனங்க முன்னாடி மீட்டர்ல மாட்டறதுக்கு எவ்ளோ நம்பிக்கை வேணும். போட்டி கம்பெனி ஆம்பும் அதே மீட்டர்லதான், வித்தியாசத்தை வாங்கினவரே கண்ணால பாத்துட்டுப் போவாரு. நான் இந்தத் தொழில் பத்தி இத்தனை வருஷமா எழுதறேன், இதை மாதிரி இன்னொண்ணை நான் பாக்கல.

கேள்வி: எங்க அப்பா வச்சிருந்த எம்சி240 ஒண்ணு 15 வருஷமா மூடியே கிடக்கு. போன மாசம் அவரு தவறிட்டாரு. அதுல ஒரு தடவையாவது பாட்டு கேக்கணும்னு இருக்கு. ஸ்விட்ச் போடலாமா?

பதில்: தயவுசெஞ்சு போடாதீங்க. உங்க மனசு எனக்குப் புரியுது, அதனாலதான் முதல் வார்த்தையாவே இதைச் சொல்றேன். என் பெரியப்பா வச்சிருந்த ஒரு வால்வு செட்டை நான் இதே ஆசைல நேரா பிளக்ல சொருகிட்டேன், ரெண்டு நிமிஷம் பாடுச்சு, அப்புறம் ஒரு வால்வோட பிளேட் செவசெவன்னு ஆகி புகை வந்துடுச்சு. கொண்டு போன ரிப்பேர் கடைல வால்வை மட்டும் மாத்திக் குடுத்தாங்க, காரணத்தைப் பாக்கல, மறுபடி போட்டதும் டிரான்ஸ்பார்மரே போயிடுச்சு. இன்னிக்கும் அது மனசுல இருக்கு.

அங்க நடந்தது இதுதான்: வால்வுக்கு முன்னாடி டிசியைத் தடுத்து பாட்டு சிக்னலை மட்டும் விடற கப்ளிங் கெபாசிட்டர், அந்தக் காலத்துப் பேப்பர் கெபாசிட்டர், வருஷங்கழிச்சு டிசியை லீக் பண்ண ஆரம்பிச்சுடும். வால்வோட கரன்டைக் கட்டுப்படுத்தற கிரிட்ல பாசிட்டிவ் ஏறும், வால்வு கட்டுக்கடங்காம கரன்ட் இழுக்கும். உங்க எம்சி240லயும் அதை எல்லாம் மாத்தித்தான் ஆகணும், பவர் சப்ளை எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரும், பயாஸ் (வால்வை அடக்கி வைக்கற நெகட்டிவ் வோல்டேஜ்) சப்ளை கெபாசிட்டரும் அப்படியே. அதுக்கப்புறம் வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கற டிரான்ஸ்பார்மர்) வச்சு கொஞ்சம் கொஞ்சமா வோல்டேஜை ஏத்தி, பயாஸ் வருதான்னு முதல்ல பாத்துட்டு, அப்புறம்தான் அவுட்புட் வால்வை மாட்டணும். ஸ்பீக்கரோ அதுக்குப் பதிலா ரெசிஸ்டரான டம்மி லோடோ கட்டாம எப்பவும் ஆன் பண்ணக்கூடாது. உள்ள 400 வோல்ட்டுக்கு மேல நிக்கும், பிளக்கைப் பிடுங்கினதுக்கப்புறமும் நிக்கும், அதனால வால்வு செட்டு தெரிஞ்ச டெக்னீஷியன்கிட்டதான் குடுக்கணும், நீங்களா கை வைக்க வேணாம்.

அவருகிட்ட ஒரே ஒரு விஷயம் முதல்ல பாக்கச் சொல்லுங்க. இடது, வலது ரெண்டு அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் ஒரே மாதிரி சுத்தினது. வயரைக் கழட்டிட்டு ரெண்டோட பிளேட் வைண்டிங், கேதோடு வைண்டிங் ஓம்ஸை எடுத்து ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாக்கணும், அப்புறம் பிளேட் வைண்டிங்குக்கும் கேதோடு வைண்டிங்குக்கும் நடுவுல லீக் இல்லையான்னு மெக்கர் மாதிரி இன்சுலேஷன் சோதிக்கற மீட்டர்ல பாக்கணும், மேல சொன்னேனே ஒட்டி ஓடற ரெண்டு கம்பி, அதுக்கு நடுவுல இருக்கற பூச்சு நல்லா இருக்கான்னு அப்பதான் தெரியும். அது நல்லா இருந்தா மத்தது எல்லாமே வாங்கி மாத்தக்கூடிய சாமான்தான், உங்க அப்பாவோட ஆம்ப் கண்டிப்பா பாடும். அந்த ரீடிங்கை எனக்கு எழுதி அனுப்புங்க, பாத்துட்டு அடுத்து என்ன பண்ணணும்னு சொல்றேன்.